மகளின் கூந்தல் மெலியும்போது: பெற்றோர் அறிய வேண்டியவை

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எங்கள் தோல் நோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு தாய், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் தம் மகளை அழைத்து வந்தார். அமர்ந்ததும் துணிப்பையிலிருந்து 19 சிறு காகிதப் பொட்டலங்களை எடுத்து மேசையின் மீது வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் மீதும் தேதி எழுதப்பட்டிருந்தது. உள்ளே, அந்தந்த நாளில் சீப்பிலும் தலையணையிலும் குளியலறைத் தரையிலும் கிடந்த முடி. "தலைக்குக் குளித்த அன்று மட்டும் 340 டாக்டர், நானே எண்ணினேன்" என்றார். மகள் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியையே பார்த்தபடி இருந்தாள். (குடும்பத்தினரின் இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம்.)

தாயை வெளியே சற்று நேரம் அமரச் செய்து, பெண் செவிலியர் உடனிருக்க மகளிடம் பேசினோம். தாய் அறியாத மூன்று செய்திகள் அப்போது தெரியவந்தன. ஓராண்டாக அவளுக்கு மாதவிடாய் ஒவ்வொரு முறையும் 8, 9 நாட்கள் நீடிக்கிறது. முதல் மூன்று நாட்கள் உதிரப்போக்கு மிகுதி. 12 நாட்களாக அவள் தலைக்குக் குளிக்கவில்லை. குளித்தால் முடி வரும், வந்தால் அம்மா எண்ணுவார் என்ற அச்சம். வகுப்பில் ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும், தான் அமர்ந்திருந்த பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டே எழுகிறாள். யாரும் தன் முடியைப் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காக. அடுத்த மாதம் தொடங்கவிருந்த பொதுத்தேர்வுக்குப் போவதில்லை என்றும் மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள்.

இதைப் போன்ற தாய்மாரையும் மகள்களையும் நாங்கள் ஆண்டு முழுவதும் காண்கிறோம். முடி ஏன் உதிர்கிறது என்று கண்டறிந்து மருந்து தருவது எங்கள் பணி. அந்த மருந்து பலன் தரும் வரையிலான நீண்ட மாதங்களில் மகள் மனம் வாடாமலும் படிப்பைக் கைவிடாமலும் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பணி. இரண்டாவது பணியே கடினமானது. அதற்கு வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

முடிக்கு ஒரு கால அட்டவணை உண்டு

மனிதரின் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மயிர்க்கால் எனப்படும் நுண்ணிய குழியிலிருந்து வளர்கிறது. ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். பின்னர் 2, 3 வாரங்களில் அதன் வளர்ச்சி அடங்கும். அதன்பின் ஏறத்தாழ 3 மாதங்கள் வளராமல் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். அதே குழியிலிருந்து புதிய முடி முளைக்கும். எந்த நேரத்திலும் 100 முடிகளில் 85 முதல் 90 வரை வளர்ந்துகொண்டிருக்கும். எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை ஓய்வில் இருக்கும். ஆகவே நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது நோயன்று, இயல்பு.

வெள்ளிக்கிழமைதோறும் மட்டும் தலைக்குக் குளிக்கும் பெண்ணுக்கு, வாரம் முழுவதும் கழன்று பின்னலுக்குள்ளேயே சிக்கிக்கிடந்த முடிகளும் அன்று சேர்ந்து வரும். அன்று 200 முடிகளுக்கு மேல் வந்தாலும் வியப்பதற்கில்லை. உதிர்கிறதே என்று அஞ்சிக் குளியலைத் தள்ளிப்போட்டால், அடுத்த குளியலில் இன்னும் மிகுதியாக வரும், அச்சமும் வளரும். குளிப்பதால் முடி உதிர்வதில்லை. ஏற்கெனவே கழன்ற முடியே குளிக்கும்போது வெளியேறுகிறது.

உதிர்ந்த முடியின் அடியில் வெண்மையான சிறு குமிழ் ஒன்றைக் காணலாம். "வேரோடு வந்துவிட்டது, இனி அந்த இடத்தில் முளைக்காது" என்று பலர் கலங்குகின்றனர். அது வேரன்று. ஓய்வுக்காலத்தை முடித்துக்கொண்டு இயல்பாகக் கழன்ற முடியின் அடையாளமே அந்தக் குமிழ். முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே இருக்கிறது.

கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, குறுகிய காலத்தில் உடல் எடை வெகுவாகக் குறைதல் போன்ற அதிர்ச்சிக்கு உடல் ஆளாகும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. அவை அப்போதே உதிர்வதில்லை. 2, 3 மாதங்கள் கழித்தே உதிர்கின்றன. எனவே, "போன வாரம் எந்த ஷாம்பு மாற்றினாய்?" என்று கேட்பதைவிட, "மூன்று மாதங்களுக்கு முன் உடம்புக்கு என்ன வந்தது?" என்று நினைவுகூர்வதே பயன் தரும். மேலே கூறிய மாணவிக்கு நவம்பரில் டெங்கு காய்ச்சல் வந்திருந்தது. நம் மாநிலத்தில் மழைக்காலத்தில் டெங்கு வந்த பிள்ளைகளுக்கு, தேர்வு நெருங்கும் ஜனவரி, பிப்ரவரியில் முடி உதிர்வதைக் காண்கிறோம். தேர்வுக் கவலையும் விடுதித் தண்ணீரும் பழியை ஏற்கின்றன; காய்ச்சலை யாரும் நினைப்பதில்லை.

இவ்வகை உதிர்வு பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களில் தானே தணியும். இதனால் தலை முழுவதும் வழுக்கையாவதில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே வளர்கிறது. இடுப்பளவு பின்னலுக்கு 60 செ.மீ. நீளம் வேண்டுமெனில், இன்று முளைத்த முடி அதை எட்ட 5 ஆண்டுகள் ஆகும். எனவே நோய் முற்றிலும் நீங்கிய பின்னும் பின்னலின் நுனி நெடுநாள் மெலிந்தே இருக்கும். பின்னலைப் பிடித்துப் பார்த்து, மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்வது தவறு. நெற்றியோரத்திலும் வகிட்டின் இருபுறத்திலும் குட்டையான, நுனி மெலிந்த புதுமுடிகள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். குணமாவதன் முதல் அடையாளம் அங்கேதான் தோன்றும்.

எல்லா முடி உதிர்வும் ஒன்றன்று

முடி எங்கே, எவ்வாறு குறைகிறது என்பதை வைத்தே காரணத்தை ஊகிக்கிறோம்.

தலை முழுவதும் பரவலாக, கைக்கு நிறைய உதிர்ந்தால், மேலே கூறிய அதிர்ச்சி உதிர்வு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஆராய்கிறோம். வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்புரோயேட் போன்ற சில மருந்துகளாலும் இவ்வாறு ஆகலாம். அதற்காக அம்மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்து எழுதிய மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

முடி அதிகம் உதிராமலேயே நடு வகிடு ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டு வந்தால், அது பரம்பரைத் தன்மை உள்ள முடி மெலிவாக இருக்கலாம். பூப்பெய்திய சில ஆண்டுகளிலேயே சிலருக்கு இது தொடங்குகிறது. இத்துடன் மாதவிடாய் ஒழுங்கின்மை, அடங்காத முகப்பரு, மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளர்தல் ஆகியவை சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டி என்று மக்கள் அழைக்கும் இயக்குநீர்க் கோளாறு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

நெற்றியோரமும் காதுக்கு முன்புறமும் மட்டும் முடி விலகிக்கொண்டே போனால், இறுக்கிப் பின்னுவதே காரணமாக இருக்கலாம். பள்ளிக்கென்று இரட்டைப் பின்னல் பின்னி, மடித்து ரிப்பன் கட்டும்போது வேர்கள் நாள்தோறும் 8 மணி நேரத்துக்கு மேல் இழுபடுகின்றன. நடனம் பயிலும் சிறுமியருக்குச் சவுரியின் எடையும் சேர்கிறது. தொடக்கத்திலேயே தளர்த்திக் கட்டினால் முடி திரும்ப வளரும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் அவ்விடத்து மயிர்க்கால்கள் தழும்பாகி, முடி முளைப்பதே நின்றுவிடலாம்.

நாணயம் போன்ற வட்டமாக, தோல் வழவழப்பாகத் தெரியும்படி முடி கொட்டியிருந்தால் அதை ஊரில் புழுவெட்டு, பூச்சிவெட்டு என்பர். புழுவோ பூச்சியோ இதற்குக் காரணமில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே பகையாகக் கருதித் தாக்குவதால் இது நேர்கிறது. இது பிறருக்குத் தொற்றாது. மாறாக, செதில் உதிர்ந்து, முடி ஒடிந்து, அரிப்புடன் உள்ள திட்டு பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இது தொற்றும், சீப்பையும் துண்டையும் பகிரக் கூடாது. மேற்பூச்சு மட்டும் போதாது. வாய்வழி மருந்து சில வாரங்கள் தேவைப்படும்.

ஒழுங்கற்ற திட்டுகளில் பல நீளங்களில் ஒடிந்த முடிகள் நின்றால், மகள் தன்னை அறியாமல் முடியைப் பிடுங்கிக்கொள்கிறாளா என்றும் எண்ணிப் பார்க்கிறோம். இது பிடிவாதமோ தீய பழக்கமோ அன்று. மனநல உதவியால் கட்டுக்குள் வரக்கூடிய ஒரு நிலை. அதட்டினால் மறைவில் கூடுதலாகும்.

இரும்புச்சத்தும் மாதவிடாயும்

2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆகவே முடி உதிர்கிறது என்று வரும் மாணவியரிடம் மாதவிடாய் பற்றி நாங்கள் தவறாமல் கேட்கிறோம். உதிரப்போக்கு 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதுமாக நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக வெளிப்பட்டாலோ அது மிகுதியே. "எனக்கும் அந்த வயதில் அப்படித்தான்" என்று தாய்மார் சொல்லிவிடுவதால் பல பெண்கள் அதை நோயாகவே கருதுவதில்லை. சிலருக்கு இரத்தம் உறைவதிலுள்ள பிறவிக் குறைபாடு இவ்வாறுதான் முதலில் வெளிப்படுகிறது. இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால் மகளிர் நல மருத்துவரிடமும் காட்டுங்கள்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை. அது இயல்பாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. மேலே கூறிய மாணவிக்கு ஹீமோகுளோபின் 9.2, ஃபெரிட்டின் 7. காய்ச்சல் அவள் முடியை உதிரச் செய்தது. இரும்புக் குறைவு அது மீள்வதைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அது இரத்தசோகை வராமல் காப்பதற்கு. பிள்ளைகள் அதைத் தவிர்க்காமல் விழுங்க வேண்டும். வந்துவிட்ட இரத்தசோகைக்கு அது மட்டும் போதாது. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை, ஹீமோகுளோபின் இயல்பானதும் நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்பும் வரை ஏறத்தாழ மேலும் 3 மாதங்கள் தொடர வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இம்மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டாம்.

உணவில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, எள், பேரீச்சம்பழம் ஆகியவற்றைச் சேருங்கள். அசைவம் உண்போர் ஈரல், மீன், இறைச்சி சேர்க்கலாம். அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். கீரையுடன் எலுமிச்சை பிழிந்தோ, உணவுக்குப் பின் நெல்லிக்காய் அல்லது கொய்யா உண்டோ வந்தால் தாவர உணவிலுள்ள இரும்பு கூடுதலாக உட்கொள்ளப்படும். உணவுடனோ அதை ஒட்டியோ தேநீர், காபி அருந்தினால் குறையும். முடி பெரும்பகுதி புரதத்தால் ஆனது. முட்டை, பருப்பு, சுண்டல், பால் இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். காலை உணவின்றித் தனிப்பயிற்சி வகுப்புக்கு ஓடும் பழக்கத்தை மாற்றுவது எந்த எண்ணெயையும்விடப் பயனுள்ளது.

வீட்டு வைத்தியமும் கடை மருந்தும்

தேங்காய் எண்ணெய் முடித்தண்டு வறண்டு ஒடிவதைக் குறைக்கிறது; அந்த அளவில் நல்லது. ஆனால் அது மயிர்க்காலுக்கு உணவூட்டுவதில்லை. பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயை ஊறவிட்டால், பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர் அதையே உண்டு பெருகும். வெங்காயச்சாறு, பூண்டு விழுது ஆகியவை சிலருக்குத் தோலைப் புண்ணாக்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

மொட்டையடித்தால் முடி அடர்ந்து வளரும் என்பது பரவலான நம்பிக்கை. வேண்டுதலுக்காக முடி காணிக்கை செலுத்துவது அவரவர் பக்தி; அதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஆனால் மருத்துவமாக அது பயன்படாது. முடியின் பருமனையும் எண்ணிக்கையையும் தீர்மானிப்பது தோலுக்குள் உள்ள மயிர்க்கால்; வெளியே உள்ள தண்டை மழிப்பதால் அது மாறுவதில்லை. மழித்தபின் முளைக்கும் முடியின் நுனி தட்டையாக இருப்பதால் தடித்ததுபோல் தோன்றுகிறது. ஏற்கெனவே கூச்சத்தில் இருக்கும் பெண்ணை அவள் விருப்பமின்றி மொட்டையடிக்கச் செய்தால், அந்தக் காயம் முடி வளர்ந்த பின்னும் ஆறாது.

பயோட்டின் மாத்திரையை மருந்துக்கடையில் தாமே வாங்கிக் கொடுப்போர் பலர். இயல்பாக உண்ணும் பிள்ளைக்கு அச்சத்துக் குறைவு அரிது. அதோடு, அது உடலில் இருக்கும்போது எடுக்கும் தைராய்டு பரிசோதனையின் முடிவு தவறாக வரக்கூடும். மகள் அதை உட்கொண்டு வந்தால், இரத்தம் எடுக்கும் முன்பே எங்களிடம் கூறுங்கள்.

மினாக்சிடில் எனும் திரவம் பரம்பரை மெலிவுக்குப் பயன் தரும் மருந்து. எனினும் 18 வயதுக்குக் குறைந்தவருக்குத் தோல் மருத்துவரின் மேற்பார்வையிலேயே பயன்படுத்த வேண்டும். தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாக உதிர்வதுண்டு; இதை அறியாதவர்கள் அஞ்சி நிறுத்திவிடுகின்றனர். சிலருக்கு முகத்தில் பூனைமுடி வளரலாம். பலனை மதிப்பிட 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். நிறுத்தினால் பெற்ற பலன் படிப்படியாகக் குறையும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். காய்ச்சலாலும் இரும்புக் குறைவாலும் உதிர்ந்த முடி பெரும்பாலும் திரும்பி வரும். பரம்பரை மெலிவில் இருப்பதைக் காத்து, ஓரளவே மீட்க முடியும். எங்களிடம் மூன்றாண்டுகளாக வரும் மற்றொரு பெண்ணிடம் முதல் நாளே இதைத் தெரிவித்தோம். அவள் அழுதாள். அடுத்த முறை வந்தபோது, "உண்மையைச் சொன்னதால் இணையத்தில் தேடுவதை விட்டுவிட்டேன்" என்றாள். அவளுடைய தாயின் கேள்வி வேறாக இருந்தது: "என்னிடமிருந்துதான் வந்ததா?" இத்தன்மை தாய்வழி, தந்தைவழி இரண்டிலிருந்தும் வரலாம். இதில் குற்றவாளி எவருமில்லை.

வீட்டில் பேச்சும் மௌனமும்

முதலில், எண்ணுவதை நிறுத்துங்கள். மகளின் எதிரில் சீப்பை உயர்த்திப் பார்ப்பது, குளியலறையிலிருந்து அவள் வந்ததும் தரையைப் பார்க்கச் செல்வது, ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது அவள் காதுபட வருந்துவது ஆகிய மூன்றும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆனால் மகளுக்கு அவை வேறு பொருள் தருகின்றன: "என்னிடம் அம்மா பார்ப்பது முடியை மட்டும்தான்." அளவு தெரிய வேண்டுமெனில் மாதம் ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில், வகிட்டை ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் போதும்; அதையும் அவள் சம்மதித்தால் மட்டும்.

"ஒன்றுமே இல்லை, வீணாகக் கவலைப்படாதே" என்று தள்ளிவிடுவதும் உதவாது. "படிப்பில் கவனம் வை, முடியா சோறு போடப்போகிறது?" என்ற தந்தையின் கேள்வியில் நியாயம் இருக்கலாம், ஆனால் அது பேச்சைத் துண்டித்துவிடும். "உனக்கு இது வருத்தமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. மருத்துவரிடம் காட்டுவோம். நேரமாகும்; அதுவரை உன்னோடு இருப்பேன்" என்று ஒரு முறை சொன்னால் போதும். அதன்பின் முடியைப் பற்றிய பேச்சை அவளே எடுக்கட்டும். "இந்த முடியோடு நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான்?" என்று பாட்டியோ அத்தையோ கூறினால், அவள் முன்னிலையிலேயே மென்மையாக ஆனால் உறுதியாக நிறுத்துங்கள். தன்னைக் காத்து நிற்கப் பெற்றோர் இருக்கின்றனர் என்று அவள் அப்போதுதான் அறிவாள்.

திருமணம், காதுகுத்து போன்ற விசேஷங்களுக்குப் புறப்படும் முன், யாராவது கேட்டால் என்ன விடை சொல்வது என்று இருவரும் பேசி வையுங்கள். "மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் போதும். வர விருப்பமில்லை என்றால் ஒரு முறை விட்டுவிடலாம். தொடர்ந்து மறுத்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி.

தளர்வான ஒற்றைப் பின்னல், வகிட்டை இடம் மாற்றி எடுப்பது, தோள் அளவுக்கு வெட்டிக்கொள்வது ஆகியவை மெலிவை மறைக்கும். நீளம் குறைந்தால் முடி அடர்த்தியாகத் தோன்றும். வெட்டுவதா வேண்டாமா என்பதை மகளே முடிவு செய்யட்டும். ஈரத்தில் சீவாமல், அகன்ற பல் உள்ள சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுக்கப் பழக்குங்கள். பள்ளியில் இரட்டைப் பின்னல் கட்டாயமெனில் வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்துப் பேசுங்கள். தளர்த்திக் கட்ட அனுமதி கோரும் மருத்துவக் கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

வட்டத் திட்டாக முடி கொட்டுதல், தலையில் சீழ், வலி, தடித்த செதில் காணுதல், 6 மாதங்களுக்கு மேலும் உதிர்வு தணியாமை, முடி உதிர்வுடன் மூட்டுவலி, நெடுநாள் காய்ச்சல் அல்லது முகத்தில் சிவந்த தடிப்பு சேர்தல், மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராதிருத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திராமல் வாருங்கள்.

பள்ளி செல்ல மறுத்தல், தோழியரைத் தவிர்த்தல், உண்ணாமை, உறங்காமை, கண்ணாடிகளை மூடி வைத்தல், "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவை முடியைவிட அவசரமானவை. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் அவளைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டெலிமானஸ் எனும் அரசின் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

எங்களைக் காண வரும்போது, கடந்த 6 மாதங்களில் வந்த காய்ச்சல், உட்கொண்ட மருந்துகள், மாதவிடாய்த் தேதிகள், எடை மாற்றம் இவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். முந்தைய இரத்தப் பரிசோதனைகளையும் கொண்டு வாருங்கள். முடிப் பொட்டலங்கள் வேண்டாம். தலையைப் பரிசோதித்தே நாங்கள் அறிந்துகொள்வோம். சில நிமிடங்கள் மகளுடன் தனியே பேச நாங்கள் கேட்டால் அனுமதியுங்கள். அவள் கூறுவதை அவளுடைய இசைவுடனேயே உங்களிடம் பகிர்வோம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அதற்காகக் காத்திருக்க மாட்டோம்.

தொடக்கத்தில் கூறிய மாணவியின் இசைவைப் பெற்று அவள் தாயிடம் பேசினோம். பெஞ்சைத் துடைக்கும் செய்தியைக் கேட்டதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெளியே இருந்த குப்பைத்தொட்டியில் இட்டுவிட்டு வந்தார். இரும்பு மாத்திரை தொடங்கினோம். மகளிர் நல மருத்துவர் உதிரப்போக்குக்கு மருந்து தந்தார். பள்ளி மனநல ஆலோசகரிடம் இரண்டு முறை பேசிய பின் அவள் எல்லாத் தேர்வுகளையும் எழுதினாள்.

ஜூலை மாதத்தில் இருவரும் மீண்டும் வந்தனர். ஹீமோகுளோபின் 12.1 ஆகியிருந்தது. பின்னல் இன்னும் மெலிந்தே இருந்தது. "நெற்றியில் குட்டை குட்டையாக முடி நிமிர்ந்து நிற்கிறது டாக்டர், எப்படிச் சீவினாலும் படிய மாட்டேன் என்கிறது. கல்லூரிக்கு இப்படியே எப்படிப் போவது?" என்று மகள் குறைபட்டுக்கொண்டாள். அது புதுமுடி என்றும், படிய இன்னும் சில மாதங்கள் ஆகும் என்றும் கூறினோம். இரும்பு மாத்திரையை மேலும் 3 மாதங்களுக்கு எழுதிக் கொடுத்தோம்.